பக்கவாதத்திற்குப் பின்: வீட்டாரின் கையும் நோயாளியின் கையும்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டையும் அடுத்து வரவேண்டிய தேதியையும் நாங்கள் விளக்கி முடித்த பிறகு, உடன் வந்தவர்களில் ஒருவர் கதவருகே சற்றுத் தயங்கி நிற்பது வழக்கம். நோயாளியின் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் கேட்பார்: "இனிமே வீட்ல நாங்க என்ன செய்யணும்?" அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடுவது எங்களுக்கே மனநிறைவு தருவதில்லை. அதனால்தான் இவ்விதழில் சற்று விரிவாக எழுத முற்பட்டோம்.

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு கைத்தறி நெசவாளரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அறுபதைக் கடந்தவர். மூளையின் இடப்பக்க இரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன, பேச்சும் போயிற்று. பதினான்காம் நாள் வீடு திரும்பினார். ஆறு வாரங்கள் கழித்து அவர் மறுபரிசோதனைக்கு வந்தபோது, உடல் தூய்மையாகவும் உடை ஒழுங்காகவும் இருந்தன. படுக்கைப்புண் ஒன்றும் இல்லை. அவருடைய மனைவி பெருமிதத்துடன், "ஒரு டம்ளரைக்கூட அவரைத் தூக்க விடலைங்க, எல்லாம் நான்தான்" என்றார். அந்த அம்மையாரின் அன்பில் எள்ளளவும் குறை காண முடியாது. ஆனால் மருத்துவமனையில் இருந்தபோது சிறிதளவு மடங்கி விரிந்த அந்த வலக்கை விரல்கள், இப்போது இறுகி மடங்கிக் கிடந்தன.

இது அபூர்வமான நிகழ்வன்று. எங்களில் ஒருவருடைய வீட்டிலேயே, மருத்துவம் படித்தவர்கள் இருவர் இருந்தும், இப்படித்தான் நடந்தது.

பக்கவாதத்தில் மடிந்த மூளைச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளும், சில வேளைகளில் மூளையின் மறுபாதியும், இழந்த பணியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளக் கற்கின்றன. இந்தக் கற்றல் தானாக நிகழ்வதன்று. திரும்பத் திரும்பச் செய்யும் செயலே அதற்குப் பாடம். தளர்ந்த கை முயன்று தோற்கும்போது நல்ல கை குறுக்கிட்டு வேலையை முடித்துவிடுகிறது. வீட்டில் உள்ளோரின் கை அதைவிட விரைவாகக் குறுக்கிடுகிறது. நாளடைவில், அந்தக் கை தனக்குரியதன்று என்பதுபோல் மூளை அதனைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுகிறது. இதனைப் பழகிப்போன பயன்படுத்தாமை என்பார்கள். அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி தளர்ந்த கையையே பயன்படுத்தச் செய்தனர். இரண்டு வாரப் பயிற்சியில் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. விரல்களில் ஓரளவேனும் அசைவு உள்ளவர்களுக்கே இம்முறை ஏற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே, இதனை வீட்டில் தாமாகத் தொடங்க வேண்டா. இயன்முறை மருத்துவரைக் கேட்டுச் செய்க. எனினும், "மூன்று மாதம் ஆயிற்று, இனி ஒன்றும் வராது" என்று உறவினர் எவரேனும் கூறினால், அதனை அப்படியே நம்பிவிடவும் வேண்டா. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும், பிறகு மெதுவாகும், நின்றுவிடுவதில்லை.

உதவி செய்யாதீர்கள் என்று நாங்கள் கூறுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. சில இடங்களில் வீட்டாரின் விழிப்பே உயிரைக் காக்கிறது. அவற்றுள் முதலாவது விழுங்குதல். பக்கவாதத்தில் தொண்டைத் தசைகளும் தளர்வதுண்டு. அப்போது உணவும் நீரும் உணவுக்குழாய்க்குள் செல்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சலை உண்டாக்கிவிடும். கெட்டியான உணவைவிடத் தண்ணீரும் காபியும்தாம் இங்கு ஆபத்தானவை. அவை விரைந்து ஓடுவதால் தொண்டைக்கு மூடித் தடுக்க நேரம் கிடைப்பதில்லை. "வாய் வறண்டு கிடக்கிறதே" என்று இரங்கிப் படுத்த நிலையிலேயே ஒரு வாய் காபி ஊற்றியவர்களையும், கோயிலிலிருந்து கொணர்ந்த தீர்த்தத்தை வாயில் விட்டவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். தீர்த்தத்தை உதட்டில் தொட்டு வைத்தாலே போதும். விழுங்கும் திறனைச் சோதித்துச் சொல்லும்வரை வாய்வழியாக எதையும் தரலாகாது. தரலாம் என்று சொன்ன பிறகும் நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கியதை உறுதி செய்துகொண்டே அடுத்த வாய் தர வேண்டும். உண்ட பின் அரைமணி நேரமேனும் படுக்க விடாதீர்கள். உண்ணும்போது இருமலோ, குரலில் ஈரம் சேர்ந்ததுபோன்ற கரகரப்போ தோன்றினால் நிறுத்திவிட்டு எங்களிடம் தெரிவியுங்கள்.

இரண்டாவது, தோள். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது நம் வீடுகளில் அனிச்சையாக நடக்கும் செயல். தசை தளர்ந்த தோளில் மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாததால், அந்த ஓர் இழுப்பிலேயே எலும்பு தன் இடத்தினின்று நழுவக்கூடும். அதன் பின்வரும் வலி மாதக்கணக்கில் நீடித்து எல்லாப் பயிற்சியையும் கெடுத்துவிடும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் தவறே. இடுப்பைச் சுற்றிப் பிடித்து எழுப்பும் முறையை வீடு திரும்புமுன் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் முன்னிலையில் இரண்டு முறை செய்தும் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கையில் கை தொங்காதபடி தலையணை ஒன்றை அடியில் வையுங்கள்.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. மெல்லத் தடவிவிடுவதில் தீங்கில்லை. தொடுதலே ஓர் ஆறுதல். ஆனால் உணர்ச்சியற்ற தோலில் சூடான ஒத்தடம் வைத்தால், கொப்புளம் எழும்வரை நோயாளிக்கே தெரியாது. புறா இரத்தம் தேய்த்தால் பக்கவாதம் தீரும் என்ற நம்பிக்கை இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. அதனால் எந்தப் பயனும் இல்லை. அதைத் தேடி அலையும் நேரத்தில் பயிற்சியும், அதைவிட மோசமாக இரத்த அழுத்த மாத்திரையும் கைவிடப்படுகின்றன என்பதே எங்கள் கவலை.

இனி, வீட்டாரை மிகவும் வருத்தும் செய்திக்கு வருகிறோம். மேற்சொன்ன நெசவாளரைப் போலப் பேச்சை இழந்தவர், அறிவை இழந்தவர் அல்லர். சொற்கள் இருந்த அறையின் கதவு அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். "தண்ணீர்" என்று நினைத்து "செருப்பு" என்பார். தாம் தவறாகச் சொன்னது அவருக்கே தெரிந்து கலங்குவார். "ஆம்" என்று தலையசைத்து "இல்லை" என்பதைக் குறிப்பதும் உண்டு. எனவே ஒரு கேள்விக்கு ஒருமுறை தலையசைத்ததையே முடிந்த முடிபாகக் கொள்ளாதீர்கள். உரக்கப் பேசுவதில் பயனில்லை, அவர் செவிடர் அல்லர். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவது அதனினும் கொடிது. சிறு சிறு வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரே ஒருவர், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். பிறகு காத்திருங்கள். மனத்துக்குள் பத்துவரை எண்ணிப் பாருங்கள். நாம் வழக்கமாக மூன்றிலேயே பொறுமை இழந்து விடையை எடுத்துக்கொடுத்து விடுகிறோம் என்பது விளங்கும்.

வியப்பான ஒன்றையும் சிலர் காண்பீர்கள். ஒரு சொல்லும் வராதவர், பலகாலம் பாடிப் பழகிய தேவாரப் பாடலையோ பழைய திரைப்பாடலையோ எடுத்துக்கொடுத்தால் வரி பிசகாமல் தொடர்வார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். கிழமைகளை வரிசையாகச் சொல்வார். "பாட மட்டும் தெரிகிறதே, வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரோ" என்று ஐயுற வேண்டா. மனப்பாடமாகப் படிந்தவற்றையும் இசையையும் மூளை வேறு வழியில் கையாளுகிறது. அந்த வழியையே படியாகக் கொண்டு பேச்சைப் பழக்கும் சிகிச்சைமுறை 1973 முதலே உண்டு. பின்லாந்தில் அறுபது நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2008-இல் வெளியான ஆய்வொன்றில், தமக்குப் பிடித்த இசையை நாள்தோறும் கேட்டவர்களுக்குச் சொல் நினைவு கூடுதலாகவும் மனச்சோர்வு குறைவாகவும் இருந்தன. செலவில்லாத மருந்து இது. பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் வேறொரு குறை தோன்றும். பேச்சு நன்றாக இருக்கும். ஆனால் உலகத்தின் இடப்பாதியே அவர்களுக்கு இல்லாமற் போகும். இலையின் வலப்பக்கச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்பார்கள். இடப்பக்கம் நிற்கும் மகளைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பிடிவாதம் என்றும் பாராமுகம் என்றும் குடும்பத்தில் மனக்கசப்பு வளர்வதைப் பார்த்திருக்கிறோம். அதுவும் நோயின் ஒரு கூறே. காரணமின்றி அழுவதும், துக்க வீட்டில் சிரித்துவிடுவதும் அவ்வாறே; உணர்ச்சியின் கடிவாளம் தளர்ந்ததன் விளைவு அது. இவற்றிலிருந்து வேறுபட்டது, நாளெல்லாம் நீடிக்கும் மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை அது பற்றுகிறது. பயிற்சிக்கு வர மறுப்பவரைச் சோம்பேறி என்று கடியுமுன் அதனை நினைத்துப் பாருங்கள். அதற்கு மருந்து உண்டு.

கடிந்துகொள்வது என்றதும் ஒரு புகழ்பெற்ற குடும்பம் நினைவுக்கு வருகிறது. 'ஹட்' என்னும் படத்திற்காக ஆஸ்கர் விருது பெற்ற அமெரிக்க நடிகை பட்ரீஷியா நீல், 1965 பிப்ரவரியில், 39-ஆம் வயதில், கருவுற்றிருந்த நிலையில் மூளை இரத்தக்கசிவுக்கு ஆளானார். ஏறத்தாழ மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்தார். எழுந்தபோது வலப்பக்கம் செயலற்றிருந்தது, சொற்கள் குழம்பிப்போயிருந்தன. அவருடைய கணவர், சிறுவர் கதைகளால் நாம் அறிந்த எழுத்தாளர் ரோல்ட் டால். இங்கிலாந்தில் தாம் வாழ்ந்த சிற்றூரின் நண்பர்களையும் அண்டைவீட்டாரையும் முறைவைத்து அழைத்து, நாள்தோறும் பல மணி நேரம் மனைவிக்குப் படிப்பும் பேச்சும் எண்ணும் கற்பிக்கச் செய்தார். அவர்களில் எவரும் பயிற்சி பெற்றவர் அல்லர். அவ்வாண்டு ஆகஸ்டில் குழந்தை நலமாகப் பிறந்தது. வசனத்தை நினைவில் வைக்கத் திணறிய நிலையிலும் 1968-இல் மீண்டும் திரையில் தோன்றி ஆஸ்கருக்கு முன்மொழியப் பெற்றார் பட்ரீஷியா. அண்டைவீட்டாரில் ஒருவரான வேலரி ஈட்டன் கிரிஃபித் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். பேச்சிழந்தோருக்குத் தன்னார்வலர்கள் உதவும் திட்டம் ஒன்று இங்கிலாந்தில் தோன்றவும் அதுவே வித்திட்டது.

இக்கதையைச் சொல்வோர் பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் கணவரின் அந்தக் கண்டிப்பு மிகக் கடுமையானது. கேட்ட பொருளைச் சரியான பெயர் சொல்லும்வரை தராமல் இருந்தார் என்பர். அது தம்மை எழுப்பியது என்று நன்றி பாராட்டிய பட்ரீஷியாவே, அதனால் புண்பட்டதையும் மறைக்கவில்லை. அவர்கள் 1983-இல் மணவிலக்குப் பெற்றனர். நாங்கள் பின்பற்றச் சொல்வது அந்தக் கண்டிப்பையன்று. முறைவைத்து வந்துபோன அந்த அண்டைவீட்டாரைத்தான்.

அன்பு எவ்வளவு கொடுத்தாலும் பயிற்சியைப் பொறுத்தவரை அளவு வேண்டும் என்பதற்கும் சான்று உள்ளது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடியும் நெடுநேரமும் எழுப்பி நடக்கச் செய்தால் விரைவில் தேறுவார்கள் என்று எண்ணி, ஐந்து நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆராய்ந்தனர். 2015-இல் முடிவு வெளியானபோது, அவ்வாறு செய்யப்பட்டவர்கள் வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே தேறியிருந்தனர். மூளைக்கு ஓய்வும் உணவு போன்றது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் என்பதைவிடப் பத்துப் பத்து நிமிடமாகப் பலமுறை செய்வது நல்லது. நடுப்பகலில் அவர் உறங்க விரும்பினால் உறங்கட்டும்.

இன்னோர் ஆய்வை நாங்கள் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2017-இல் வெளியான ஆய்வு அது. இயன்முறை மருத்துவர்கள் போதுமான அளவில் இல்லாத நம் நாட்டில், வீட்டாருக்கே பயிற்சியளித்து மறுவாழ்வுச் சிகிச்சையை அவர்கள் கையில் தந்தால் என்ன என்று சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில், பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் ஒரே அளவாக, நூற்றுக்கு 47 பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். எங்களைப் போன்றோருக்கு அது ஏமாற்றமே. ஆனால் இதனை வேறு விதமாகவும் படிக்கலாம். சிகிச்சையாளரின் இடத்தை மகளோ மருமகளோ நிரப்ப முடியாது. நிரப்பவில்லையே என்று தம்மை நொந்துகொள்ளவும் வேண்டியதில்லை. "நான் சரியாப் பயிற்சி குடுக்கலையோ, அதனாலதான் அப்பா நடக்கலையோ" என்று எங்களிடம் கண்கலங்கிய பெண்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். சேதத்தின் அளவு பெரிதாக இருந்தால், எவர் எவ்வளவு உழைத்தாலும் சில இழப்புகள் இழப்புகளே.

பெண்கள் என்று எழுதியது தற்செயலன்று. பராமரிப்பவர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். இரவில் மூன்று முறை எழுந்து, பகலில் சமைத்து, தம் இரத்த அழுத்த மாத்திரையை மறந்து, முதுகுவலியுடன் எங்கள் வாயிலில் நிற்பவர்கள் அவர்கள்தாம். இலண்டனில் 300 நோயாளிகளின் குடும்பங்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், தூக்குவது, திருப்புவது, உணவூட்டுவது போன்றவற்றை முறையாகக் கற்ற பராமரிப்பாளர்களின் சுமையும் சோர்வும் குறைந்திருந்தன. எனவே பயிற்சி வீணன்று; அதன் முதற்பயன் பராமரிப்பவருக்கே. வாரத்தில் இரண்டு பிற்பகல்களாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்டுவரும் மைத்துனரிடம், "செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வந்து ஆறு மணி வரைக்கும் கூட இருங்க" என்று நேரத்துடன் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிற்கே வருகின்றன. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

வீட்டில் சில மாற்றங்கள் தேவைப்படும். தரையில் பாய்க்கு மாற்றாகக் கட்டில், குளியலறையில் கைப்பிடி, உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை நாற்காலி, இரவில் எரியும் சிறு விளக்கு. கால்மிதி எதுவும் நடைபாதையில் வேண்டா. மருத்துவர் சொல்லாமல் மாத்திரைகளை, குறிப்பாக இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை, நிறுத்தாதீர்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம். வாய் கோணினாலோ, தூக்கிய கை தாழ்ந்தாலோ, பேச்சு புதிதாகக் குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

நெசவாளரின் மனைவியிடம் அன்று நாங்கள் ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினோம்: நாளில் ஒரு வேலையையாவது அவரைச் செய்யவிடுங்கள், அது தவறாக முடிந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்குத் தோன்றியிருந்தால் களிமண் பிசைதல், மணி கோத்தல் என்று ஏதேனும் சொல்லியிருப்போம். அந்த அம்மையார் வீட்டிலிருந்த தார் சுற்றும் ராட்டையைத் தூசிதட்டி, அவர் உட்காரும் உயரத்துக்குப் பலகைமேல் ஏற்றி வைத்தார். அதன் கைப்பிடியில் அவருடைய வலக்கையை வைத்து, அதன்மேல் தம் கையை வைத்துச் சுழற்றினார். முதல் வாரம் முழு விசையும் அவருடையதே. பிறகு வாரந்தோறும் தம் கையின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். இதைத்தான் நாங்கள் வகுப்பில் பல ஆண்டுகள் படிக்கிறோம்.

ஏழாம் மாதம் இருவரும் வந்தனர். அவர் ஊன்றுகோலுடன் தாமே நடந்து உள்ளே வந்தார். தறியில் அமர்ந்து நெய்யும் ஆற்றல் அந்தக் கைக்குத் திரும்பவில்லை. திரும்பும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. பகல் பொழுது எப்படிப் போகிறது என்று அவரைப் பார்த்துக் கேட்டோம். வழக்கம்போல் மனைவி பதில் சொல்ல வாய் திறந்தார். அவர் இடக்கையை உயர்த்தி, "இரு" என்றார். அறையில் இருந்த நாங்கள் நால்வரும் காத்திருந்தோம். நெடுநேரமாயிற்று.

"தார்... சுத்துறேன்."

"பாதி சிக்குதாங்க" என்றார் மனைவி. அவர் சிரித்தார், வாயின் வலக்கோடி இன்னும் முழுதாக எழவில்லை.